குடியிருக்கும் வீடும் திவால் சட்டமும்

அமெரிக்காவின் டெக்ஸாஸ் ராஜ்யத்தில், மாதந்தோறும் முதல் செவ்வாய்க்கிழமையன்று, தவணை தவறிய வீடுகள் அந்தந்த ஜில்லா நீதிமன்றத்தின் வாயிலில் பகிரங்க ஏலத்துக்கு விடப்படுவது நெடுங்கால வழக்கம். வீடு வாங்குவதற்காகப் பெற்ற சாதாரணக் கடனாயின், இதற்கு நீதிபதியின் தீர்ப்புக் கூட வேண்டியதில்லை. கடன் வாங்கிய அன்று வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த பத்திரத்திலேயே விற்பனை அதிகாரமும் அடங்கியிருப்பதால், பாக்கியைச் செலுத்தச் சொல்லி ஒரு நோட்டீஸும், ஏலத்துக்கு 21 நாள் முன்னதாக மற்றொரு நோட்டீஸும் அனுப்பினால் காரியம் நடந்துவிடும். நியூயார்க், நியூஜெர்ஸி, ஃப்ளாரிடா முதலிய ராஜ்யங்களில் கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெற்றாக வேண்டுமாதலால், அங்கே மாதங்களும் சில சமயம் வருஷங்களும் செல்லும். ஆனால் எந்த ராஜ்யமாயினும், ஏல நாள் நெருங்கிவிட்ட பிறகு, கையில் ரொக்கம் இல்லாத குடும்பத்துக்கு எஞ்சியிருக்கும் வழி பெரும்பாலும் ஒன்றே: மத்திய அரசாங்கத்தின் திவால் நீதிமன்றத்தில் மனுச் செய்துகொள்வது. மனு பதிவான அதே க்ஷணத்தில், நீதிபதி அதைப் படித்துப் பார்ப்பதற்கு முன்பே, திவால் சட்டத்தின் 362ஆம் பிரிவின்படி தடை அமுலுக்கு வந்துவிடுகிறது. ஏலம் நிற்கிறது, வசூல் கடிதங்கள் நிற்கின்றன, சம்பள ஜப்தியும் நிற்கிறது.

இவ்வளவு வல்லமை வாய்ந்த தடையைக் கொடுத்த சட்டம், அந்தத் தடையின் நிழலில் செய்யக்கூடிய பரிகாரத்தை மட்டும் மிகக் குறுக்கி வைத்திருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். கம்பெனியின் கடன், கார்க் கடன், கடன் அட்டைப் பாக்கி, வாடகைக்கு விட்ட வீட்டின் மேலுள்ள கடன் ஆகிய எல்லாவற்றையும் கடனாளியின் சக்திக்கேற்ப மாற்றியமைக்கும் அதிகாரத்தை நீதிபதிக்கு அளித்துவிட்டு, ஒரு குடும்பம் தான் வசிக்கும் வீட்டின் மேல் பெற்ற முதல் அடமானக் கடனை மட்டும் தொடக்கூடாதென்று அமெரிக்கச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. இந்த விலக்கு எவ்விதம் வந்தது, அதற்குக் கூறப்படும் நியாயம் நியாயந்தானா என்பதை முறையாக விசாரித்துப் பார்ப்பது அவசியம்.

அடமானச் சட்டத்தின் பூர்வ சரித்திரத்தை நோக்கினால், கடனாளியின் பக்கம் சாய்ந்த கருணையே அதை வளர்த்ததாகத் தெரிகிறது. பழைய ஆங்கிலச் சட்டப்படி, குறித்த நாளில் பணம் வரவில்லையென்றால் நிலம் கடன் கொடுத்தவருக்கே போய்விடும். பதினேழாம் நூற்றாண்டில் சான்ஸரி நீதிமன்றம் தலையிட்டு, கெடு கடந்த பின்னரும் அசலையும் வட்டியையும் செலுத்திச் சொத்தை மீட்டுக்கொள்ளும் உரிமை கடனாளிக்கு உண்டென்று நிலைநாட்டிற்று. அந்த உரிமைக்கு ஓர் எல்லை வேண்டுமென்று கடன் கொடுத்தவர்கள் கேட்டுப் பெற்ற கட்டளையே பிற்காலத்து அடமான ஏல நடவடிக்கைகளுக்கெல்லாம் மூலமாயிற்று. நம் நாட்டில் 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 60ஆவது பிரிவில் உள்ள மீட்புரிமையும் இதே ஊற்றிலிருந்து பிறந்ததுதான். அமெரிக்க ராஜ்யங்களில் சில இன்னும் ஒரு படி மேலே சென்று, ஏலம் முடிந்த பிறகும் மீட்பதற்கு அவகாசம் கொடுத்தன. மினசோட்டாவிலும் மிச்சிகனிலும் அது இன்றும் சாதாரணமாக ஆறு மாதம்.

வீட்டைக் காக்கும் இரண்டாவது ஏற்பாடு அமெரிக்க மண்ணிலேயே முளைத்தது. 1837ஆம் வருஷத்துப் பணநெருக்கடியில் கிழக்கத்திய ராஜ்யங்களில் நொடித்துப் போன குடும்பங்கள் பல, அப்போது தனிக் குடியரசாக இருந்த டெக்ஸாஸுக்குக் குடியேறின. 1839இல் அந்தக் குடியரசின் சட்டசபை, ஒரு குடும்பத்தின் 50 ஏக்கர் நிலத்தையோ அல்லது நகரத்திலுள்ள ஒரு மனையையோ, அதிலுள்ள வீட்டோடு, எந்தக் கடன்காரனும் ஜப்தி செய்யலாகாதென்று சட்டமியற்றிற்று. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்த எண்ணம் ராஜ்யத்துக்கு ராஜ்யம் பரவியது. ஆனால் அளவு மட்டும் எங்கும் ஒன்றாக இல்லை. டெக்ஸாஸிலும் ஃப்ளாரிடாவிலும் நிலத்தின் பரப்புக்கு வரம்பு உண்டே தவிர மதிப்புக்கு வரம்பில்லை. பென்ஸில்வேனியாவிலும் நியூஜெர்ஸியிலும் ராஜ்யச் சட்டத்தில் இத்தகைய வீட்டு விலக்கே கிடையாது. மத்தியத் திவால் சட்டத்தின் சொந்தப் பட்டியலில் கண்ட விலக்குத் தொகை 2025 ஏப்ரல் முதல் 31,575 டாலர். கடனில் மூழ்கிய செல்வந்தர் ஃப்ளாரிடாவில் மாளிகை வாங்கிக் கடன்காரர்களுக்குக் கைவிரிப்பது பலருடைய ஆத்திரத்தைக் கிளப்பவே, மனுவுக்கு முந்திய 1,215 நாட்களுக்குள் வாங்கிய வீட்டுக்கு இந்த விலக்கு ஓர் உச்ச வரம்புக்கு மேல் செல்லாதென்று 2005இல் காங்கிரஸ் விதித்தது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கியாக வேண்டும். வீட்டு விலக்கு என்ற ஒன்று இருக்கும்போது அடமான ஏலத்துக்கு அஞ்சுவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. இந்த விலக்கு வைத்தியச் செலவுக்காரரையும் கடன் அட்டைக் கம்பெனியையும் தடுக்குமேயன்றி, அந்த வீட்டை வாங்குவதற்கே பணம் கொடுத்த பாங்கியைத் தடுக்காது. சாதாரணக் குடும்பத்தின் வீடு பெரும்பாலும் போவது இந்த இரண்டாவது வாசல் வழியாகத்தான்; கோட்டைக்கு எத்தனை மதில்கள் இருந்தென்ன, அந்த வாசலுக்குக் கதவே இல்லை.

திவால் சட்டமோ நெடுங்காலம் இந்த வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அரசியல் சாசனம் காங்கிரஸுக்குத் திவால் சட்டமியற்றும் அதிகாரத்தைத் தெளிவாகக் கொடுத்திருந்தும், 1800, 1841, 1867 ஆகிய ஆண்டுகளில் வந்த சட்டங்கள் ஒவ்வொன்றும் அற்பாயுளில் ரத்தாயின. 1898இல் வந்ததுதான் நிலைத்தது. வியாபாரிகளின் முறிவே அவற்றின் பிரதான நோக்கமாயிருந்தது. குடியிருக்கும் வீடு தேசியப் பிரச்னையாகத் தலையெடுத்தது 1930ஆம் ஆண்டுகளின் மகா மந்தத்தின்போதுதான்.

அந்தக் காலத்தை இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் பிற்காலத்தில் எழுந்த வாதங்கள் அனைத்தும் அப்போதே வித்திடப்பட்டன. அக்காலத்து வீட்டுக் கடன்கள் மூன்று முதல் ஐந்து வருஷக் கெடுவில், முடிவில் அசலை ஒரே தொகையாகச் செலுத்த வேண்டிய கடன்கள். வேலை போன குடும்பம் ஒருபுறமிருக்க, வேலையுள்ள குடும்பமும் கெடு முடிவில் கடனைப் புதுப்பிக்க வழியின்றித் தவித்தது. விவசாயப் பிரதேசங்களில் தானிய விலை வீழ்ந்து, பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. அண்டை அயலார் திரண்டு வந்து காசுக் கணக்கில் மட்டும் கேட்டு, பொருளை உரியவருக்கே திருப்பிக் கொடுத்த ஏலங்கள் பல நடந்தன. 1933 ஏப்ரலில் அயோவா ராஜ்யத்தின் லீ மார்ஸ் ஊரில், இனி ஏல உத்தரவில் கையெழுத்திடமாட்டேன் என்று வாக்களிக்க மறுத்த நீதிபதி சார்லஸ் பிராட்லியை, விவசாயிகள் நியாயாஸனத்திலிருந்து இழுத்துக்கொண்டு போய், கழுத்தில் கயிறு மாட்டி மிரட்டும் அளவுக்கு விஷயம் முற்றியது. அந்தச் செய்கை கண்டிக்கத்தக்கதென்பதில் சந்தேகமில்லை; எனினும், சட்டம் எந்த வழியும் காட்டாதபோது சாதுவான மக்கள் எந்த எல்லைக்குப் போவார்கள் என்பதை அது ராஜ்யச் சட்டசபைகளுக்கு உணர்த்திற்று.

மினசோட்டா சட்டசபை அதே ஆண்டில், ஏலத்துக்குப் பிந்திய மீட்புக் காலத்தை நீதிமன்றங்கள் நீடிக்கலாமென்றும், அந்த இடைக்காலத்தில் வீட்டுக்காரர் நியாயமான வாடகை செலுத்திவர வேண்டுமென்றும் சட்டமியற்றிற்று. ஒப்பந்தத்தைக் கெடுக்கும் சட்டத்தை எந்த ராஜ்யமும் இயற்றலாகாதென்று அரசியல் சாசனத்தில் வெளிப்படையாக எழுதியிருந்தும், 1934இல் ஸுப்ரீம் கோர்ட்டு, பிரதம நீதிபதி ஹியூஸின் தீர்ப்பில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அவசர காலத்தில் நியாயமான நிபந்தனையோடு அவகாசம் கொடுப்பது ஒப்பந்தத்தைக் கெடுப்பதாகாது என்று கூறியது. காங்கிரஸ் 1934இல் இயற்றிய ஃப்ரேஸியர்-லெம்கே சட்டமோ மேலும் துணிந்து சென்று, பண்ணையின் அப்போதைய மதிப்பைச் செலுத்தினால் போதுமென்றது. அதை 1935 மே மாதத்தில் நீதிபதி பிராண்டைஸின் ஏகமனதான தீர்ப்பு தள்ளுபடி செய்தது. மூன்று வருஷத் தடையும் வாடகையும் விதித்துத் திருத்தி எழுதிய சட்டத்தை அதே கோர்ட்டு 1937இல் ஏற்றுக்கொண்டது. ஈடு பிடித்தவருக்கு ஈட்டின் மதிப்பு போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டால், மற்ற விஷயங்களில் திவால் சட்டம் கடனை மாற்றியமைக்கலாம் என்ற தத்துவம் இவ்விரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே உருவாயிற்று.

இவையெல்லாம் நீதிமன்ற வழி. 1933இல் ஏற்பட்ட வீட்டுக் கடன் கார்ப்பொரேஷன், கஷ்டத்திலிருந்த சுமார் பத்து லட்சம் வீட்டுக் கடன்களைப் பாங்கிகளிடமிருந்து வாங்கி, பதினைந்து வருஷச் சமத் தவணைகளாக மாற்றிக் கொடுத்தது. அவற்றுள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வீடுகள் இறுதியில் போய்விட்டன என்றாலும், மற்றவை பிழைத்தன; 1951இல் கணக்கை முடித்தபோது அரசாங்கத்துக்கு நஷ்டமில்லை. தவணைகளைக் கடனாளியின் சக்திக்கேற்றபடி அமைத்தால் பெரும்பாலோர் செலுத்துவார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

இதற்கிடையே அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில், திவால் என்ற பெயர் வாங்காமலே மாதச் சம்பளத்திலிருந்து கடனை அடைக்க விரும்பிய தொழிலாளர்களுக்காக ஒரு நடைமுறை வளர்ந்து, 1938ஆம் வருஷத்துச் சாண்ட்லர் சட்டத்தில் பதின்மூன்றாம் அத்தியாயமாக இடம் பெற்றது. ஆனால் நிலம், வீடு ஆகியவற்றின் மேலுள்ள கடன் அந்த அத்தியாயத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டது. 1978இல் திவால் சட்டத்தை முழுவதும் புதுப்பித்தபோது, வீட்டுக் கடனையும் உள்ளே சேர்க்கலாமா என்ற கேள்வி எழுந்தது. பிரதிநிதி சபை இசைந்தது. ஸெனட்டில் வீட்டுக் கடன் ஸ்தாபனங்கள் எதிர்த்தன. சமரசமாகப் பிறந்ததுதான் 1322ஆம் பிரிவு: ஈட்டுக் கடன்காரரின் உரிமைகளை, கடனாளி சமர்ப்பிக்கும் தவணைத் திட்டம் மாற்றலாம், கடனாளியின் பிரதான வாசஸ்தலத்தை மட்டுமே ஈடாகக் கொண்ட கடனை மாற்றலாகாது, ஆயினும் பழைய பாக்கியைத் தவணை முறையில் தீர்த்து, நடப்புத் தவணையைத் தொடர்ந்து செலுத்தி வரலாம்.

இந்தக் கடைசிச் சலுகை சாமானியமானதன்று. ஒரு குடும்பத்தின் மாதத் தவணை 1,500 டாலர் என்றும், குடும்பத் தலைவருக்கு வேலை போய் எட்டு மாதம் கட்டவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். பாக்கி 12,000 டாலர். பாங்கி அதை ஒரே தொகையாகக் கேட்கும். அதோடு முழு அசலும் உடனே செலுத்தத்தக்கதாகிவிட்டதென்றும் சொல்லும். பதின்மூன்றாம் அத்தியாயத்தின் கீழ் மனுச் செய்தால், அந்தப் பாக்கியை ஐந்து வருஷத்தில், மாதம் 200 டாலர் வீதம் செலுத்தித் தீர்க்கலாம்; முழு அசலும் கேட்ட நோட்டீஸ் செல்லாததாகிவிடும். ஆனால் 1,500 டாலர் நடப்புத் தவணையும் தவறாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும்; திட்டப் பணத்தைப் பெற்றுப் பட்டுவாடா செய்யும் டிரஸ்டிக்கு நூற்றுக்குப் பத்து வரை கமிஷனும் உண்டு. ஆகவே புதிய வேலை கிடைத்து, பழைய சம்பளமும் கிடைத்தவருக்கு இது உயிர் காக்கும் உபாயம். பழையதில் முக்கால் பங்கு சம்பளத்துக்கு வேலை கிடைத்தவருக்கோ, நின்றுபோன தவணையைவிடப் பெரிய தவணையைக் கட்டச் சொல்லும் உத்தரவாகவே முடியும். சொத்தை விற்றுக் கடன்காரருக்குப் பங்கிட்டு முடிக்கும் ஏழாம் அத்தியாயம் இதைவிடக் குறைவாகவே உதவும்: அது கடனாளியைச் சொந்தப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும்; வீட்டின் மேலுள்ள பாத்தியதை அப்படியே நிற்கும்; ஏலம் சில மாதம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

1978க்குப் பிறகு சில அப்பீல் நீதிமன்றங்கள் சட்டத்தின் வாசகத்தைக் கருணையோடு படித்து, வீட்டின் மதிப்புக்கு மேற்பட்ட கடன் பகுதி ஈடில்லாக் கடனே என்றும், அதைக் குறைக்கலாமென்றும் தீர்ப்பளித்தன. 1993இல் டல்லாஸ் நகரத் தம்பதியின் வழக்கு ஒன்று ஸுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. அவர்களுடைய அடுக்குமாடி வீட்டின் மதிப்பு 23,500 டாலர்; பாங்கி கேட்ட தொகை 71,335 டாலர். நீதிபதி தாமஸ் எழுதிய ஏகமனதான தீர்ப்பு, விலக்கு காப்பது ஈட்டின் மதிப்பை மாத்திரமல்ல, கடன் கொடுத்தவரின் உரிமைகள் அனைத்தையும் என்று கூறி, அந்த வழியை அடைத்தது. நீதிபதி ஸ்டீவன்ஸ் தனியே எழுதிய குறிப்பில், வாசஸ்தலக் கடனுக்கு இப்படி விசேஷப் பாதுகாப்புக் கொடுப்பது விசித்திரமாகத் தோன்றினாலும், வீட்டுக் கடனுக்குப் பணம் தாராளமாக வரவேண்டும் என்பதே காங்கிரஸின் கருத்து என்று சமாதானம் கண்டார்.

விசித்திரம் என்பது பொருத்தமான சொல்லே. கடற்கரையில் விடுமுறைக்கென்று வாங்கிய இரண்டாவது வீட்டின் கடனைக் குறைக்கலாம். நான்கு வீடுகளை வாடகைக்கு விட்டவர் அந்தக் கடன்களைக் குறைத்துக்கொள்ளலாம். 1986இல் விவசாயிகளுக்கென்று ஏற்பட்ட பன்னிரண்டாம் அத்தியாயத்தில், பண்ணைக் கடனோடு பண்ணை வீட்டின் கடனையும் மாற்றியமைக்கலாம். வேறு கூரையில்லாமல் ஒரே வீட்டில் மனைவி மக்களோடு வாழும் தொழிலாளிக்கு மட்டும் இந்த அனுகூலம் இல்லை. இரண்டாவது அடமானத்துக்கு வீட்டின் மதிப்பில் ஒரு டாலர்கூட மிச்சமில்லாதபோது, பதின்மூன்றாம் அத்தியாயத்தில் அதை நீக்கிவிட அப்பீல் நீதிமன்றங்கள் இடங்கொடுத்திருக்கின்றன. அது ஆறுதல்தான், ஆனால் சிறு ஆறுதல்.

யார் இந்த நீதிமன்றங்களுக்கு வருகிறார்கள்? தெரெசா ஸல்லிவன், எலிஸபெத் வாரன், ஜே வெஸ்ட்புரூக் ஆகிய மூவரும் 1980ஆம் ஆண்டுகளிலிருந்து திவால் மனுக்களையே நேரில் புரட்டி நடத்திய ஆராய்ச்சிகள், ஊதாரிகள்தான் திவாலாகிறார்கள் என்ற நம்பிக்கையை அசைத்துவிட்டன. வேலை இழப்பு, வியாதி, குடும்பப் பிரிவு ஆகியவையே பெரும்பாலான மனுக்களின் பின்னணி. பதின்மூன்றாம் அத்தியாயம் தென் ராஜ்யங்களில், விசேஷமாக அலபாமா, ஜார்ஜியா, டென்னஸி ஆகியவற்றில் மிகுதி. கறுப்பினக் குடும்பங்கள் வெள்ளையரைவிட அதிக விகிதத்தில் அந்த வழிக்குச் செல்கின்றன. முன்பணம் இல்லாதவரின் வக்கீல் கட்டணத்தைத் திட்டத்திலிருந்தே பெற்றுக்கொள்ளலாம் என்பதும் அதற்கு ஒரு காரணம். திட்டங்களை முடித்துக் கடன் விடுதலை பெறுவோர் பாதிக்கும் குறைவு. முடியாத திட்டம் எல்லாம் வீணென்று சொல்வதற்கில்லை. அந்த இடைவெளியில் ஏலத்துக்கு விடாமல் நல்ல விலைக்குத் தாமே விற்றவர்களும், பாங்கியோடு சமரசம் செய்துகொண்டவர்களும் உண்டு. எனினும், சம்பளத்துக்கு ஒவ்வாத தவணையை மாற்ற முடியாத திட்டம் பாதியில் முறிவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? 2005ஆம் வருஷத்துச் சட்டமோ முன் ஆலோசனைச் சான்றிதழ், வருமானச் சோதனை என்று படிகளைக் கூட்டியதோடு, ஒரு வருஷத்துக்குள் முந்திய மனு தள்ளுபடியானவருக்குத் தடையுத்தரவு 30 நாள்தான் என்றும் குறுக்கிவிட்டது.

விலக்கின் முழுப் பலனும் 2007க்குப் பிறகு வெளிப்பட்டது. நாடெங்கும் வீட்டு விலை சரிந்து, லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டின் மதிப்பைவிடப் பெரிய கடனோடு நின்றன. கடன்களோ கொடுத்த பாங்கியிடம் இல்லை. ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டு, பத்திரங்களாக உலகெங்கும் விற்கப்பட்டிருந்தன. வசூல் செய்யும் கம்பெனிக்குக் கடனைக் குறைக்கும் அதிகாரமும் சந்தேகத்துக்குரியது, ஆர்வமும் குறைவு; கைமாறிய பத்திரங்களின் சொந்தக்காரர்களை ஒன்றுகூட்டுவது அசாத்தியம். இத்தகைய சிக்கலை ஒரே உத்தரவால் அறுக்கக் கூடியவர் திவால் நீதிபதி ஒருவரே. அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கும் மசோதா 2009 மார்ச்சில் பிரதிநிதி சபையில் நிறைவேறியது. இல்லினாய் ஸெனட்டர் ரிச்சர்ட் டர்பின் ஸெனட்டில் கொண்டுவந்த அதே திருத்தம், ஏப்ரல் 30ஆம் தேதி, 45க்கு 51 என்று தோற்றது. பாங்கிகளைக் காப்பாற்றப் பொதுப் பணத்தை அளவின்றி இறைத்த அதே பருவத்தில் இது நடந்தது என்பதை எண்ணும்போது மனம் கொதிக்கிறது.

பதிலுக்கு அரசாங்கம் கொண்டுவந்த கடன் திருத்தத் திட்டம், வசூல் கம்பெனிகளின் சம்மதத்தை நம்பியது. முப்பது நாற்பது லட்சம் குடும்பங்களுக்கு உதவுவதாகத் தொடங்கி, 2016இல் முடிந்தபோது நிரந்தரத் திருத்தங்கள் இருபது லட்சத்தைக்கூட எட்டவில்லை. அனுப்பிய காகிதங்களையே மீண்டும் மீண்டும் கேட்டதாகக் குடும்பங்கள் முறையிட்டன. 2010இல், ஏல வழக்குகளுக்கான பிரமாணப் பத்திரங்களில் விஷயத்தைப் படித்தே பாராமல் குமாஸ்தாக்கள் கையெழுத்திட்டுத் தள்ளிய ஊழல் வெளியாயிற்று. 2011இல் மாசசூசெட்ஸின் உச்ச நீதிமன்றம், அடமானம் தன் பெயருக்கு மாறியிருப்பதைக் காட்ட முடியாத பாங்கி நடத்திய ஏலம் செல்லாது என்றது. 2012இல் ஐந்து பெரிய பாங்கிகள் 49 ராஜ்யங்களோடும் மத்திய அரசாங்கத்தோடும் சுமார் 2,500 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. அந்த இருண்ட காலத்திலும் ஃபிலடெல்ஃபியா நகரம் செய்த ஒன்று பாராட்டத்தக்கது: 2008இல் அங்கே ஷெரிஃப் ஏலத்தை நிறுத்திவைக்க, குடியிருப்போர் வீடு எதுவும் பாங்கிப் பிரதிநிதியும் வீட்டுக்காரரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிய பிறகே ஏலத்துக்குப் போகலாம் என்று நீதிமன்றம் விதி செய்தது. கட்டாயமில்லாத இடத்தில் நடக்காத பேச்சு, கட்டாயம் வந்ததும் நடந்தது.

விலக்கை ஆதரிப்போர் கூறும் வாதம் ஒன்றே: நீதிபதிக்கு அதிகாரம் கொடுத்தால் பாங்கிகள் வட்டியை ஏற்றும், அதனால் ஒழுங்காகக் கட்டுபவர் தண்டிக்கப்படுவார். இது அலட்சியம் செய்யத்தக்க வாதமன்று. ஆனால், ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஆடம் லெவிடின் முதலியோர், மாற்றக்கூடிய கடன்களையும் மாற்றமுடியாத கடன்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, வட்டியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணவில்லை. அதன் காரணமும் தெளிவு: ஏலத்தில் வீடு என்ன விலைக்குப் போகுமோ, நீதிபதி நிர்ணயிக்கும் மதிப்பு பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கும். ஏலச் செலவும், காலியான வீட்டின் சேதமும், தெருவில் பக்கத்து வீடுகளின் விலை வீழ்ச்சியும் மிச்சம். விலக்கு இருந்த முப்பது வருஷமும் பாங்கிகளை ஜாக்கிரதையாகக் கடன் கொடுக்கச் செய்யவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எது வந்தாலும் முழுப் பத்திரமும் செல்லும் என்ற தைரியம், ஆளைப் பாராமல் கடன் கொடுக்கத்தான் தூண்டிற்று.

2014 முதல், தவணை 120 நாள் தவறுவதற்கு முன் ஏல நடவடிக்கையைத் தொடங்கலாகாதென்று ஒரு விதி அமுலில் இருக்கிறது. 2020இல் கொள்ளைநோய் பரவியபோது, அரசாங்க ஆதரவு பெற்ற வீட்டுக் கடன்களின் தவணையை முதலில் ஆறு மாதமும், வேண்டினால் மற்றோர் ஆறு மாதமும் நிறுத்தி வைக்கலாமென்று காங்கிரஸ் சட்டம் செய்தது. விட்டுப்போன தவணைகள் பலருக்குக் கடனின் கடைசியில் சேர்க்கப்பட்டன. வீட்டுக் கடன் சந்தை அதனால் குலைந்து போகவில்லை. ஆனால் அது ஒரு நெருக்கடிக்கென்று கொடுத்த சலுகை; தனி ஒரு குடும்பத்துக்கு வரும் பக்கவாதமோ, மூடப்பட்ட ஓர் ஆலையோ காங்கிரஸைக் கூட்டிவிடாது. அத்தகைய குடும்பத்துக்கு வேண்டியது, ஊரிலுள்ள திவால் நீதிபதி அதன் வரவு செலவைப் பார்த்து, அசலை வீட்டின் மதிப்பளவுக்கு இறக்கவும் கெடுவை நீட்டவும் சட்டம் இடங்கொடுப்பதுதான். பிற்காலத்தில் வீட்டின் விலை ஏறினால் பாங்கிக்கும் ஒரு பங்கு சேரும்படி செய்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. 2020 டிஸம்பரில், பிற்பாடு ஸெனட்டரான எலிஸபெத் வாரனும் பிரதிநிதி ஜெரால்ட் நாட்லரும் கொண்டுவந்த திவால் சீர்திருத்த மசோதா, வாசஸ்தலக் கடனுக்குள்ள விலக்கை நீக்க முயன்றது. 2022இல் அது மீண்டும் கொணரப்பட்டது. இருமுறையும் வாக்கெடுப்பு வரை போகவில்லை. 1978இல் எழுதிய வாசகமே இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.